'கேஸ்தான்' என்று சொல்வதற்கு முன்

அன்று மூன்றாம் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, எங்கள் பள்ளித் தமிழய்யா சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார். வயது 53. மாடியில் ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"என்னங்கய்யா, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லம்மா. நெஞ்சைப் பிடிச்ச மாதிரி இருக்கு. காலையில வெறும் வயித்துல டீ குடிச்சேன். வாயுவா இருக்கும்."

நானும் சொன்னேன்: "கேஸ்தாங்கய்யா. சோடா வாங்கிட்டு வரச் சொல்றேன்."

பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன். இதயத்தின் நான்கு அறைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொன்னேன். சோடா வந்தது, ஏப்பமும் வந்தது. "இப்பப் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அய்யா அடுத்த வகுப்புக்கு மாடியேறினார். மதியம் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. மாலையில் பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இசிஜி எடுத்துப் பார்த்ததும் மாரடைப்பு என்றார்கள்.

பணியிலிருந்த மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்பதுதான். எங்களில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "காலையிலேர்ந்தே இருந்துச்சு" என்றோம். அவர் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

அய்யா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி மீளவில்லை. இப்போது அவருக்கு மாடி வகுப்புகள் இல்லை. எல்லாப் பாடவேளைகளையும் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருக்கிறோம். அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவற்றைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஒரே சொல், இரண்டு பொருள்

நான் பணியாற்றுவது வட சென்னையில். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, வடக்கே அத்திப்பட்டு அனல் மின் நிலையங்கள். இங்கே 'கேஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று வயிற்றில் இருப்பது. மற்றொன்று காற்றில் வருவது.

இரண்டாவது பொருளை எண்ணூர் மக்கள் 2023 டிசம்பர் 26 இரவில் நேரடியாகப் பட்டு அறிந்தார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில், கரைக்கு மிக அருகே, நள்ளிரவை ஒட்டிக் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் விழித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயில் அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400.

அப்போது அரையாண்டு விடுமுறை. ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினான்: "இங்க யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சு மிஸ்." தமிழய்யா சொன்னதும் ஏறக்குறைய இதேதான். ஒருவருக்கு இதயக் குழாயில் அடைப்பு. மற்றவனுக்கு மூச்சுக் குழாயில் எரிச்சல். இருவரும் சொன்ன வார்த்தைகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை.

எங்கள் பகுதியில் பெரியவருக்கு நெஞ்சு இறுகினால் 'வயித்துக் கேஸ்' என்கிறோம். பிள்ளைக்கு இறுகினால் 'கம்பெனி கேஸ்' என்கிறோம். சொல்லி முடித்ததும் விசாரணையும் முடிந்துவிடுகிறது. முதலாமவருக்குச் சோடா, இரண்டாமவனுக்கு 'கொஞ்ச நேரம் படுத்துக்கோ'. காரணத்தை நாமே முடிவுசெய்துவிடுவதால் நேரம் போகிறது.

ஏன் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது?

நெஞ்சுக்கூட்டுக்குள் இதயம், நுரையீரல்கள், உணவுக்குழாய், பெரிய இரத்தக் குழாய்கள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி விலா எலும்புகளும் தசைகளும். தோலில் முள் குத்தினால் எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. உள்ளுறுப்புகளுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. இதயத்திலிருந்து வரும் உணர்வு நரம்புகளும், தோள், கை, தாடை, முதுகு ஆகியவற்றிலிருந்து வருபவையும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதியில் போய்ச் சேருகின்றன. எந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது என்பதில் மூளை குழம்பிவிடுகிறது. அதனால்தான் இதயத்தில் சிக்கல் இருக்கும்போது இடது கை வலிக்கிறது, சிலருக்குத் தாடை வலிக்கிறது, இன்னும் சிலருக்கு மேல்வயிறு எரிகிறது. பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது இதைச் சேர்த்துச் சொல்லலாம்.

ஏப்பம் வந்ததும் இறுக்கம் குறைந்தால் அது வாயுதான் என்பது நம் நம்பிக்கை. இதய வலியும் சிறிது குறைந்து மீண்டும் வரக்கூடியது. சோடா குடித்த நேரமும் வலி தணிந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிடலாம். ஆகவே சோடா, ஓமத்தண்ணீர், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எதையும் ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதயம்: நிமிடங்களின் கணக்கு

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்பவை கொரோனரி தமனிகள். அவற்றின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடித்து, அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடுவதே பெரும்பாலான மாரடைப்புகளின் காரணம். அடைபட்ட குழாயை நம்பியிருக்கும் தசை அரை மணி நேரத்துக்குள்ளாகவே சாகத் தொடங்கும். அடைப்பு நீடித்தால் சேதம் அடுத்தடுத்த மணி நேரங்களில் பரவிக்கொண்டே போகும். உறைந்த கட்டியைக் கரைக்கும் ஊசியும், குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு தசை மிஞ்சும். "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்று மருத்துவர் கேட்டதன் பொருள் எனக்கு இப்போது புரிகிறது.

இதயம் சார்ந்த இறுக்கத்தின் பொதுவான அடையாளங்கள் இவை: நெஞ்சின் நடுவில் அழுத்துவது, பிழிவது, கயிறு கட்டி இறுக்குவது போன்ற உணர்வு, அது சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பது அல்லது போய்ப்போய் வருவது, கை, தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல்வயிறு நோக்கிப் பரவுவது, கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல், தலைசுற்றல்.

நடக்கும்போதும் மாடி ஏறும்போதும் வந்து, நின்றால் விடுகிற இறுக்கமும் உண்டு. ஓய்வில் சரியாகிவிடுகிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குழாய் குறுகியிருப்பதற்கான எச்சரிக்கை அது. மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்தது இப்போது ஒரு மாடிக்கே வருகிறது, அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது என்றால் அது அவசர நிலை.

நம் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள் அதிகம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கும், முதியோருக்கும், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியாகவே வராமல் போகலாம். காரணமில்லாத கடும் சோர்வு, மூச்சு வாங்குதல், வாந்தி வருவது போன்ற உணர்வு, முதுகிலோ தாடையிலோ வலி என்று வரலாம். 'வீட்டு வேலையும் பள்ளி வேலையும் சேர்ந்த அலுப்பு' என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம்.

மூச்சுக்குழாய்: நம் வகுப்பறையில் இருப்பது

பிள்ளைகளின் நெஞ்சு இறுக்கத்துக்கு இதயம் காரணமாக இருப்பது அரிது. தசைப் பிடிப்பு, இருமல், ஆஸ்துமா, பயம் ஆகியவையே பெரும்பாலும் காரணம். இவற்றில் வகுப்பறையில் உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடியது ஆஸ்துமா. மூச்சுக் கிளைக்குழாய்களைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, உட்புறம் வீங்கி, சளியும் சேர்ந்துகொள்வதால் காற்று போகும் வழி குறுகிவிடுகிறது. மூச்சை வெளியே விடும்போது விசில் போன்ற ஓசை கேட்கும். இரவிலும் விடியற்காலையிலும் கூடும். தூசி, புகை, குளிர்காற்று, சளிக் காய்ச்சல், ஓட்டம் எல்லாம் தூண்டும்.

ராயபுரம் பகுதிப் பெரியவர்களைக் கேட்டால், காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கரித்தூள் படிந்த காலத்தைச் சொல்வார்கள். நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. வேட்டியில் தெரியும் தூள் பெரிய துகள். அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத, 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்தான் நுரையீரலின் அடி வரை செல்கிறது. பி.எம். 2.5 என்று நாளிதழ்கள் குறிப்பிடுவது இதைத்தான். இதன் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி இன்ஹேலரைப் பையின் அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தாள். "யாருக்கும் காட்டாதன்னு அம்மா சொல்லிருக்காங்க மிஸ்." பெண் பிள்ளைக்கு 'வீசிங்' இருக்கிறது என்று தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் தடை வரும் என்பது அந்தத் தாயின் பயம். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று இன்னொரு பயம். இன்ஹேலரில் மருந்து மிகக் குறைந்த அளவில் நேராக நுரையீரலுக்குச் செல்கிறது. அதற்கு யாரும் அடிமையாவதில்லை. நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து ஒன்று, இறுக்கம் வரும்போது எடுக்கும் நிவாரண மருந்து ஒன்று என இரண்டு வகை உண்டு. பள்ளியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியது நிவாரண மருந்து. பீரோவில் பூட்டி வைத்த இன்ஹேலர் அவசரத்துக்கு உதவாது.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் இரண்டு மூன்று சொற்களில் நிறுத்துவது, மூச்சு இழுக்கும்போது விலா இடுக்கும் கழுத்துக் குழியும் உள்வாங்குவது, உதடு நீலம் பாரிப்பது, மயக்கம், நிவாரண மருந்து எடுத்தும் குறையாதது ஆகியவை ஆபத்து அறிகுறிகள். இழுத்துக்கொண்டிருந்த விசில் ஓசை திடீரென நின்று, பிள்ளையும் சோர்ந்து போனால் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஓசை எழுப்பக்கூடப் போதிய காற்று போகவில்லை என்பதே அதன் பொருள்.

காற்றில் வரும் கேஸ்

அம்மோனியா நீரில் மிக எளிதில் கரையும். நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளை அதில் காட்டி நீலமாக்குவது நாம் ஆய்வகத்தில் செய்வதுதான். அதே வேதிவினை நம் உடலில் ஈரமுள்ள இடங்களில் நடக்கிறது: கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய். நீரில் கரைந்து காரமாகி அங்குள்ள மெல்லிய தோலை அரிக்கிறது. அளவு அதிகமானால் நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆகவே நெடி அடித்தால்:

- மணம் வரும் திசையை விட்டு, காற்று வீசும் போக்குக்குக் குறுக்காக விலக வேண்டும். திசை தெரிய, மரக்கிளையையோ காயும் துணியையோ பார்த்தால் போதும்.
- வெளியேற முடியாத நிலையில் கதவு, சன்னல்களை மூடிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும்.
- நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடலாம். அம்மோனியா நீரில் கரைவதால் ஓரளவு தடுக்கும். ஆனால் அதை நம்பி அங்கேயே நிற்கக் கூடாது.
- எரியும் கண்ணைத் தேய்க்காமல், சுத்தமான நீரால் 15 நிமிடங்களாவது கழுவ வேண்டும்.
- இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் உள்ளவர்களை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சில வாயுக்களின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் கூடலாம் என்பதால், வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் 30க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொண்டை எரிச்சலும் மூச்சுத் திணறலும் மயக்கமும் ஏற்பட்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினரும் வந்து காற்றைச் சோதித்தார்கள். நவம்பர் 4 அன்று பள்ளி திறந்ததும் மீண்டும் சில மாணவிகள் பாதிக்கப்பட்டார்கள். எந்த வாயு, எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சிக்கு நாட்கள் ஆகும். மாணவர்களை வெளியேற்றுவதற்கும் மருத்துவரிடம் காட்டுவதற்கும் அந்த விடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வயிறு, தசை, பயம்

சாதாரணக் காரணங்களும் உண்டு. உணவுக்குப் பின், படுத்தால் கூடுகிற எரிச்சல் பெரும்பாலும் அமிலம் மேலேறுவதால் வருவது. விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் வலிப்பது, திரும்பினால் குத்துவது தசை அல்லது விலா மூட்டு வலியாக இருக்கலாம். தேர்வு நாளில் படபடப்பு, வேகமான மூச்சு, விரல்களில் மதமதப்பு ஆகியவற்றோடு வருவது பயத்தால் இருக்கலாம். அந்த இறுக்கம் நடிப்பல்ல. பிள்ளைக்கு அது உண்மையாகவே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடச் சொல்லித் தர வேண்டும். காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடச் செய்வது ஆபத்து. ஒருவேளை அது ஆஸ்துமாவாக இருந்துவிட்டால்?

'லாம்' என்றே இவற்றை எழுதியிருக்கிறேன். மற்றவற்றை மருத்துவர் விலக்கிய பிறகே இவை உறுதியாகும். முதல் இசிஜியே சரியாக இருந்தும் பின்னால் மாரடைப்பு என்று தெரியவந்தவர்கள் உண்டு. அதனால்தான் மருத்துவமனையில் மீண்டும் இசிஜி எடுக்கிறார்கள், ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அவர்களே இவ்வளவு பார்க்கும்போது, நாம் பார்வையாலே சொல்லிவிட முடியாது.

எப்போது செல்ல வேண்டும்?

*உடனே 108:*
- நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ சில நிமிடங்களில் விடாமல் நீடித்தால்
- வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இவற்றில் ஒன்று சேர்ந்தால்
- மேலே சொன்ன ஆஸ்துமா ஆபத்து அறிகுறிகளில் ஒன்று இருந்தால்
- வாயு நெடிக்குப் பின் மூச்சு விடச் சிரமம் இருந்தால்
- விளையாடும்போதே பிள்ளை மயங்கி விழுந்தால்

*அன்றைக்கே மருத்துவரிடம்:*
- உழைக்கும்போது வந்து ஓய்வில் விடும் இறுக்கம், முதல் முறையாக வந்திருந்தாலும்
- இரவில் இருமலும் இழுப்பும் எழுப்பிவிடுகிறது என்று பிள்ளை சொன்னால்
- காய்ச்சல், சளியோடு நெஞ்சு வலி இருந்தால்
- படபடப்போடு வலி வரும் பிள்ளையின் குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் நடந்திருந்தால்

*அந்த வாரத்துக்குள்:*
- சாப்பாட்டுக்குப் பின் அடிக்கடி வரும் நெஞ்செரிச்சல்
- தேர்வு, பயம் சார்ந்து திரும்பத் திரும்ப வரும் இறுக்கம்

எந்த வரிசையில் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் மேலே உள்ள வரிசையில் சேர்த்துவிடுங்கள். ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லித் திரும்பி வருவதில் வெட்கம் எதுவும் இல்லை.

முதல் பத்து நிமிடம்

மணியைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள். முதலில் செய்ய வேண்டியது இதுதான். பிறகு அவரைச் சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். நடக்கவோ மாடி ஏறி இறங்கவோ விடாதீர்கள். இறுக்கமான ஆடையைத் தளர்த்துங்கள். உணவோ சோடாவோ வேண்டாம். 108ஐ அழைத்துப் பள்ளியின் பெயரோடு அருகிலுள்ள அடையாளத்தையும், ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் நேரம் உண்டு. ஆகவே ஒருவர் சாலை முனையில் நின்று வண்டியை வழிகாட்டி அழைத்துவர வேண்டும். ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் ஆட்டோவோ காரோ கிடைத்ததில் அனுப்புங்கள். அவரே தன் இருசக்கர வாகனத்தை ஓட்டிச் செல்ல மட்டும் விடாதீர்கள்.

ஆஸ்பிரின் தரலாமா என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவரோ 108 சேவையினரோ சொன்னால் தரலாம். ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ உள்ளவர்களுக்கு அது தீங்கு. 2023 ஜூன் மாதம் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்குத் தரவேண்டிய முதல் மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள பள்ளிகள் இதை நினைவில் வைக்க வேண்டும். வேகமாக இருமினால் மாரடைப்பை நிறுத்திவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி ஒரு நிமிடத்தையும் இழக்காதீர்கள்.

ஒருவர் நினைவிழந்து, மூச்சும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, உதவி வரும்வரை அழுத்த வேண்டும். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஜூனியர் ரெட் கிராஸ் பயிற்சி நடக்கும்போது ஆசிரியர்களும் முழங்கால் இட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

பள்ளியில் செய்து வைக்கக்கூடியவை

எங்கள் பள்ளியில் இதற்குச் செலவு ஏதும் ஆகவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் ஆஸ்துமா, இதயக் குறை உள்ள பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியர் மட்டும் பார்க்கும் பட்டியலாக எழுதி வைத்திருக்கிறோம். இன்ஹேலரைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் தனித்தனியாகப் பேசினோம். நடமாடும் பள்ளி மருத்துவக் குழுவினர் வரும்போது, ஓடினால் இழுக்கிறது, படி ஏறினால் நின்றுவிடுகிறாள் என்று நாம் வகுப்பில் கவனித்ததைச் சொல்கிறோம். ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் அவர்கள் பார்க்கும் நோய்களில் பிறவி இதயக் குறைபாடு, வாத இதய நோய், ஆஸ்துமா வகை நோய் மூன்றும் உள்ளன. சில நிமிடப் பரிசோதனையில் அவர்களுக்குத் தெரியாதது, ஆண்டு முழுவதும் உடனிருக்கும் நமக்குத் தெரியும்.

நாற்பதைக் கடந்த ஆசிரியர்கள் நாங்கள் ஒரே நாளில் சேர்ந்து போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டோம். எட்டுப் பேரில் இருவருக்கு அழுத்தம் அதிகம் என்று அன்றுதான் தெரிந்தது. அதில் நானும் ஒருத்தி.

சென்ற மாதம் விளையாட்டுப் பாடவேளையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ச் சேருவதற்குள் அவள் தோழிகள் இன்ஹேலரை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். யாரும் சோடாவுக்கு ஓடவில்லை. வகுப்புத் தலைவி தன் உள்ளங்கையை நீட்டினாள். அதில் நீல மையில் எழுதியிருந்தது: 10.40.

பக்கத்து அறை வாசலில் நின்று தமிழய்யா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.